லூர்து நகரில் நோயாளிகளுக்கே முதலிடம்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள லூர்து மாதா திருத்தலத்துக்கு அம்மாவை ஒருமுறையாவது அழைத்துச் செல்ல வேண்டும் என்பது, எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, பயணத்தின் சிரமத்தை எண்ணியே தள்ளிப்போய்க்கொண்டிருந்த ஆசை. நடுக்குவாதத்தால் கைகள் ஓயாமல் நடுங்க, சக்கர நாற்காலியின் துணையின்றி வெளியே செல்ல இயலாத நிலைக்கு அவர் வந்துவிட்ட பிறகுதான், இனியும் தாமதிக்கலாகாது என்று முடிவெடுத்தோம். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் லூர்து வந்துவிடுகிறது.

திருத்தலத்துக்குள் நுழைந்தவுடன் எங்கள் கண்ணில் பட்டது கோபுரங்களைவிட மனிதர்கள்தான். நீல நிற மூடாக்குப் போட்ட வண்டிகளில் நோயாளிகளை அமர்த்தி, தொண்டர்கள் வரிசை வரிசையாக இழுத்துச் செல்கிறார்கள். எங்கே கூட்டம் நின்றாலும் அவர்களுக்கு வழி தானாகத் திறக்கிறது. அன்னை மரியா காட்சி தந்த மசபியேல் கெபியின் (குகையின்) முன் காத்திருந்தவர்களின் கடைசியில் போய் நாங்கள் நின்றபோது, முதிய தொண்டர் ஒருவர் அம்மாவின் நாற்காலியைப் பார்த்துவிட்டு, எங்கள் அனைவரையும் முன்னால் அழைத்துச் சென்று நிறுத்தினார். பொது இடங்களில் எல்லாருக்கும் வழிவிட்டு, 'உங்களுக்கு என்னால் தொந்தரவு' என்று ஓயாமல் சொல்லிப் பழகிப்போன அம்மா, அன்று அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கெபி என்பது உண்மையில் அலங்காரமற்ற ஒரு பாறைக்குடைவுதான். கோடிக்கணக்கானோர் தொட்டுத் தொட்டு வழவழப்பாகிவிட்ட கரிய சுவரில் நீர் கசிந்துகொண்டிருக்கிறது. அன்னை காட்சி தந்த மாடத்தில், சிற்பி ஃபபிஷ் வடித்து 1864-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வெண்பளிங்குச் சுரூபம் நிற்கிறது. உள்ளே, இடப்புறத்தில் கண்ணாடியின் கீழ் ஊற்று தெரிகிறது. என் மகள் பாட்டியின் கையைப் பிடித்துப் பாறையில் வைத்தாள். ஈரமும் குளிர்ச்சியும் உள்ளங்கையில் ஏறியதைச் சொல்ல அம்மாவுக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று விறகு பொறுக்க வந்த பெர்னதெத் சூபிரு, அப்போது 14 வயதுச் சிறுமி. ஆஸ்துமாவால் அவதிப்பட்டவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். அந்த ஆண்டு ஜூலை 16 வரை 18 முறை அன்னை அவளுக்குக் காட்சி தந்தார். பிப்ரவரி 25 அன்று, ஊற்றில் நீர் அருந்தி முகம் கழுவச் சொன்ன அன்னையின் சொல்லை ஏற்று அவள் தரையைக் கையால் தோண்டியபோது, முதலில் கிடைத்தது சேறு மட்டுமே. சேறு பூசிய முகத்தோடு அவள் எழுந்ததைக் கண்டவர்கள், இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். அந்த ஊற்றுதான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு போனதால், நீர்ச்சடங்கு எங்களுக்கு ஆழமாகப் புரிந்தது. தொண்டுசெய்யும் பெண்மணி ஒருவர் குவளையிலிருந்து உள்ளங்கைகளில் நீர் வார்க்கிறார். கைகளைக் கழுவி, முகத்தைக் கழுவி, பிறகு அருந்த வேண்டும். அம்மாவின் கைகள் நடுங்கி நீர் முழுவதும் மடியில் சிந்தியது. அந்தப் பெண்மணி மீண்டும் வார்த்தார், மீண்டும் சிந்தியது. மூன்றாவது முறை தன் இடக்கையை அம்மாவின் கைகளுக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்து, நீர் நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

அந்த நீரில் மருத்துவக் குணம் எதுவும் இல்லை என்பது 1858-ஆம் ஆண்டிலேயே வேதியியல் ஆய்வில் தெரிந்துவிட்டது; அது சாதாரணக் குடிநீர். புதுமைகளை, அதாவது இறையருளால் நிகழும் அற்புதங்களை, அறிவிப்பதிலும் திருச்சபை மிகுந்த நிதானம் காட்டுகிறது. 1883-ஆம் ஆண்டு முதல் இங்கே இயங்கும் மருத்துவ அலுவலகத்தில், குணமானதாகப் பதிவான நிகழ்வுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் ஆயர்களால் (பிஷப்புகளால்) புதுமை என்று அறிவிக்கப்பட்டவை எழுபதைச் சற்றே தாண்டியவை மட்டுமே. இந்த நிதானம் என் விசுவாசத்தை உறுதிப்படுத்தியது என்றே சொல்வேன்.

கடைவீதியையும் பேராலயங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பலர் தவறவிடும் ஓர் இடம் 'கஷோ'. ஆகாது என்று கைவிடப்பட்ட பழைய சிறையின் ஓர் அறை அது. பரப்பளவு சுமார் 16 சதுர மீட்டர். மாவு ஆலையை இழந்து நொடித்துப்போன பெர்னதெத்தின் குடும்பத்தினர் ஆறு பேரும் அங்கேதான் முடங்கிக் கிடந்தார்கள். உள்ளே நின்றபோது, ஊரில் கடைசி வரிசையில் இருந்த ஒரு வீட்டுப் பிள்ளையை அன்னை தேடி வந்தார் என்பது எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைக்கு இவ்வுலக இன்பத்தை அவர் வாக்களிக்கவில்லை. மறுவுலகப் பேரின்பத்தையே வாக்களித்தார். 1866-இல் நெவேர் நகரின் கன்னியர் மடத்துக்குச் சென்ற பெர்னதெத் லூர்துக்குத் திரும்பி வரவேயில்லை. எலும்பைத் தாக்கிய காசநோயால் வருந்தி, 1879-இல் 35 வயதில் இறந்தார். 1933-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அம்மாவிடம் பெர்னதெத்தின் இந்த முடிவைச் சொன்னேன். "அவளுக்கே கிடைக்காத சுகத்தை நான் ஏனப்பா கேட்க வேண்டும்? தைரியம் கேட்டேன், மாதா கொடுத்துவிட்டாள்" என்றார். அன்று இரவு ஒன்பது மணி மெழுகுவர்த்திப் பவனியிலும் நாற்காலிகளும் வண்டிகளுமே முன்னால் சென்றன. செபமாலை பல மொழிகளில் தொடர, 'ஆவே மரியா' பல்லவி வரும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான கைகள் மெழுகுவர்த்தியை உயர்த்தின. அம்மாவின் மெழுகுவர்த்தியை மகளும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முதியோரை அழைத்துச் செல்ல எண்ணுவோர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான காலத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. இரவுப் பவனி அந்த மாதங்களில்தான் நாள்தோறும் நடக்கிறது. இயேசுவின் திருவுடலாக வணங்கப்படும் அப்பத்தை ஏந்திச் செல்லும் மாலை ஐந்து மணி நற்கருணைப் பவனியையும் விட்டுவிடாதீர்கள். மழை பெய்தால் அது 1958-இல் கட்டப்பட்ட புனித பத்தாம் பத்திநாதர் (போப் பத்தாம் பயஸ்) நிலத்தடிப் பேராலயத்தில் நடைபெறும். படிகளின்றிச் சரிவுப்பாதையிலேயே இறங்கலாம் என்பதால் சக்கர நாற்காலியோடு செல்வோருக்கு எந்தத் தடையும் இல்லை.