ஸ்ரீசக்கரம் வரைகிறேன்: முக்கோணங்கள் முடிந்தன

தண்டையார்பேட்டை வீட்டு மாடியறையில் நடக்கும் ஸ்ரீசக்கர (அம்பாளை வழிபடும் யந்திர வரைபடம்) வேலை ஒருவழியாக ஒன்பது முக்கோணங்களையும் தாண்டிவிட்டது.

முக்கோணங்கள் அடங்கும் வட்டத்தின் விட்டத்தை 48 பாகமாகப் பிரிப்பது மரபில் வரும் முறை. 24 செ.மீ. வட்டம் எடுத்தால் ஒரு பாகம் அரை சென்டிமீட்டர், சாதாரண ஸ்கேலே போதும். மேலிருந்து 6, 12, 17, 20, 23, 27, 30, 36, 42 ஆகிய பாகங்களில் ஒன்பது குறுக்குக் கோடுகள். மேலே உள்ள ஐந்தும் கீழ்நோக்கும் சக்தி முக்கோணங்களுக்கு அடிக்கோடு. மீதி நான்கும் மேல்நோக்கும் சிவ முக்கோணங்களுக்கு. மூன்றாவதும் ஏழாவதும்தான் வட்டத்தைத் தொடும். மற்றவை உள்ளேயே நின்றுவிடும். ஐந்தாவது இருப்பதிலேயே குட்டை.

எனக்குப் பிடித்துப்போன விஷயம் இனிமேல்தான். நாலாவது கோட்டில் தொங்கும் முக்கோணத்தின் முனை எட்டாவது கோட்டில் போய் உட்காரும். எட்டாவதன் முனை முதல் கோட்டில், முதலாவதன் முனை ஆறில், ஆறின் முனை இரண்டில், இரண்டின் முனை ஒன்பதில், ஒன்பதின் முனை மூன்றில். சக்தியின் முனை சிவத்தின் அடியில், சிவத்தின் முனை சக்தியின் அடியில் என்று மாறி மாறிப் போகிறது. சிவசக்தி ஐக்கியம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய சொல், இங்கே பென்சிலுக்குக் கட்டளையாகவே வந்துவிடுகிறது. ஒரு கோட்டை மயிரிழை நகர்த்தினால் சங்கிலி முழுக்க நகரும்.

மூன்று கோடுகள் கூடும் இடத்துக்கு மர்மம் என்று பெயர், இரண்டு கூடினால் சந்தி. உயிரை வாங்குவது மர்மம்தான். 0.5 லெட் பென்சிலால் சாய்கோடுகளை லேசாகப் போட்டு, மூன்றும் ஒரே புள்ளியில் கூடும்வரை அடிக்கோடுகளின் நீளத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மை அப்புறம். சக்திக்குச் சிவப்பு, சிவத்துக்குக் கறுப்பு. இது என் வசதிக்கு, சாஸ்திரம் அல்ல.

சரிபார்க்க எண்ணிப் பார்ப்பதுதான் வழி. வெளியிலிருந்து 14, 10, 10, 8, நடுவில் 1. மொத்தம் 43 சின்ன முக்கோணங்கள். ஆன்லைனில் விற்கும் ஸ்ரீசக்கரத் தகடுகளின் படத்தை இப்படி எண்ணிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். லலிதா சஹஸ்ரநாமத்தைச் சொன்ன வாக்தேவதைகள் எட்டுப் பேருக்கும் இடம் நடு முக்கோணத்தைச் சுற்றியுள்ள அந்த எட்டுக் கோணத்தில்தான்.

தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் சந்நிதியிலும் போய் நின்றேன். அங்கே அம்மன் முன்னால் இருப்பது அர்த்தமேரு, தட்டையாக இல்லாமல் எழும்பி நிற்கும் வடிவம். வரிசையில் நகர்ந்துகொண்டே கோணம் எண்ண முடியுமா? கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, பேப்பர்ல கோலம் போட்டுனு இருக்கே?" என்றார். நடுப்புள்ளியிலிருந்து தொடங்குவது சிருஷ்டி முறை, வெளியிலிருந்து உள்ளே வருவது சம்ஹார முறை என்று ஆரம்பித்தேன். குக்கர் விசில் அடித்தது, போய்விட்டார்.

முக்கோணங்களைச் சுற்றி வரும் எட்டிதழை காம்பஸால் போட்டாயிற்று. பதினாறிதழ் பாதியில் நிற்கிறது. அதற்கப்புறம் மூன்று வட்டம், நாலு வாசலோடு பூபுரம் என்கிற வெளிச் சதுரம். வாசல்களுக்கு ஓரத்தில் இடம் போதாது போலிருக்கிறது, பெரிய சார்ட் வாங்க ஆண்டர்சன் தெருவுக்குப் போக வேண்டும்.