ஆர்டர் வருவதற்கு முன்

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். மூன்று வயது நிரம்பாத குழந்தைகள் மட்டும்தான் என் பட்டியலில். இடம் டெக்சஸில் உள்ள கில்லீன். ஊரை ஒட்டி ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளம் இருக்கிறது. இல்லை, தளத்தை ஒட்டித்தான் ஊர் என்று சொல்வதே சரி. தளத்தின் பெயர்ப்பலகை 2023 மே மாதம் ஃபோர்ட் கவாசோஸ் என்று மாறி, 2025இல் மறுபடியும் ஃபோர்ட் ஹூட் ஆனது. முதலில் இருந்தது உள்நாட்டுப் போர்க்காலத் தளபதி ஒருவரின் பெயர். இப்போது இருப்பது முதல் உலகப் போர் வீரரான வேறொரு ஹூட். இங்கே குடும்பங்கள்தான் நிலைத்து இருக்காது என்று நினைத்திருந்தேன், பெயரும் அப்படித்தான்.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள, வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கான இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1986இல் சட்டமானது. துறைக்குள் ‘பார்ட் சி’ என்றுதான் பேச்சு. டெக்சஸில் அதை நடத்தும் திட்டத்தின் பெயர் ஈசிஐ. வெளிநாட்டுத் தளங்களிலும், ராணுவமே பள்ளி நடத்தும் சில உள்நாட்டுத் தளங்களிலும் ஈடிஐஎஸ் என்று ராணுவத்தின் சொந்த அமைப்பு உண்டு. ஃபோர்ட் ஹூட்டில் அப்படி இல்லை. இங்குள்ள பிள்ளைகள் ஊர்ப் பள்ளிகளுக்குத்தான் போகிறார்கள், அதனால் கைக்குழந்தைகளும் மாநிலத்தின் பொறுப்பு. கிளினிக்குக்குக் குழந்தையை வரச் சொல்வதில்லை, நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். சட்டமும் அதையே சொல்கிறது: குழந்தை வழக்கமாக இருக்கும் இடத்தில்தான் சேவை.

‘குழந்தைகளோட விளையாடறதுக்குச் சம்பளமா?’ என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். விளையாடவும் இல்லை என்பதுதான் உண்மை. பெரிய பை நிறைய பொம்மை தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் இந்தத் துறையிலிருந்து போய்விட்டது. என் பொம்மையோடு நான் வந்து, என் பொம்மையோடு நான் போய்விட்டால், மீதி நாளெல்லாம் அந்த வீட்டில் என்ன நடக்கும்? அதனால் அந்த வீட்டில் இருக்கும் கிண்ணம், செருப்பு, குளியல் தொட்டி, இவைதான் கருவிகள். வேலை செய்வது அம்மாவோ அப்பாவோ. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், கேட்கிறேன், ஒன்றிரண்டு சொல்கிறேன்.

எந்த ஊரிலும் இது நல்ல முறைதான். ராணுவக் குடும்பத்தில் இதைவிட்டால் வேறு வழியே கிடையாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல்; பிசிஎஸ் என்பார்கள். என்னிடம் வரும் குழந்தை என்னிடமே மூன்று வயதை முடிக்கும் என்று நினைத்து நான் திட்டம் போடுவதே இல்லை. நாளைக்கே அரிசோனாவுக்கு மாற்றல் என்றால், என் கையில் இருக்கும் திறமையால் அந்தக் குழந்தைக்கு அங்கே ஒரு பயனும் இல்லை. அம்மாவின் கையில் இருப்பதுதான் கூடவே போகும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). அப்பா கவசப் படைப்பிரிவில் சார்ஜன்ட். ஒன்பது மாத ரொட்டேஷனில், அதாவது முறை வைத்து அனுப்பும் வெளிநாட்டுப் பணியில், போலந்துக்குப் போயிருந்தார். பையனுக்கு இருபது மாதம் ஆகியும் வார்த்தை என்று எதுவும் இல்லை. வேண்டியதை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான். அம்மாவுக்கு வயது இருபத்துமூன்று இருக்கும். சொந்தக்காரர்கள் எல்லாம் வேறு மாநிலத்தில். பக்கத்து வீட்டுக்காரிதான் துணை, அவர் கணவரும் அதே ரொட்டேஷனில்.

பையனின் அம்மாவிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. குழந்தை கண்ணைத் திருப்பினாலே பால் வந்துவிடும், வாழைப்பழம் உரித்து வந்துவிடும். தனியாக வீட்டைச் சமாளிக்கிறவர் அழுகையைத் தவிர்க்கப் பார்ப்பார், அதில் என்ன தப்பு? நான் கேட்டது ஒன்றே ஒன்று. “கொடுங்க, ஆனா கொடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க.” உயர நாற்காலியில் அவன், எதிரே மூடிய கப்போடு அம்மா. ஒன்று, இரண்டு, மூன்று. அவன் கப்பைப் பார்த்தான். கையை நீட்டினான். நான்காவது எண்ணில் அம்மாவின் முகம் தளர்ந்து கை தானாக முன்னால் வந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் கப்பிலிருந்து பார்வையை எடுத்து அம்மாவின் கண்ணைப் பார்த்து “ம்ம்” என்றான். உடனே கொடுக்கச் சொன்னேன். வார்த்தை வராவிட்டால் என்ன? பொருளைப் பார்த்து, ஆளைப் பார்த்து, ஒரு சத்தம் போட்டான். பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அன்று நான் செய்த தெரபி என்று எழுதுவதற்கு அதைத் தவிர ஒன்றும் இல்லை. அறிக்கையில் அதை ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுத வேண்டியிருந்தது தனிக் கதை.

அடுத்த சிக்கல் வீடியோ கால். டெக்சஸுக்கும் போலந்துக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். சாயங்காலம் ஐந்தரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அப்பா தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து, “டாடின்னு சொல்லு, டாடின்னு சொல்லு” என்று திரும்பத் திரும்பச் சொல்வார். பையன் போனை நக்குவான், இல்லையென்றால் எழுந்து ஓடிவிடுவான். “என் பிள்ளைக்கு என்னைத் தெரியல” என்று அவர் மனைவியிடம் சொல்லி வருந்தினாராம்.

நாங்கள் காலை ஏழு மணிக்கு மாற்றினோம். அங்கே மதியம் இரண்டு. கையில் பிடிக்காமல், அவன் கண் மட்டத்தில் காலை உணவுச் சீரியல் டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்தார் அம்மா. அப்பாவிடம் சொன்னது: எதையும் சொல்லச் சொல்லாதீங்க, அவன் சாப்பிடும்போது நீங்களும் ஏதாவது சாப்பிடுங்க. அவன் கடித்தால் நீங்களும் கடிங்க. தொப்பியால் முகத்தை மூடித் திறங்க. மூன்று நிமிடம் போதும், அவன் திரும்பிக்கொள்வதற்குள் நீங்களே டாட்டா சொல்லிடுங்க. சிப்பாய்களிடம் எனக்குப் பிடித்த விஷயம், வேலையைத் தெளிவாகச் சொன்னால் அட்சரம் பிசகாமல் செய்வார்கள். பிடிக்காத விஷயமும் அதுவே. அளவு சொல்லாவிட்டால் குழந்தைக்கு டிரில் நடத்திவிடுவார்கள்.

புத்தகத்துக்கு வேறு வழி இருக்கிறது. யுனைடெட் த்ரூ ரீடிங் என்ற தொண்டு நிறுவனம் 1989 முதல், வீட்டைப் பிரிந்திருக்கும் படைவீரர்கள் கதை வாசிப்பதைப் பதிவுசெய்து குழந்தைகளுக்குச் சேர்க்க உதவுகிறது. பதிவில் இருப்பது நேரில் பேசுவது ஆகாதுதான், ஆனால் நிறுத்தலாம், திரும்பப் போடலாம். அதே புத்தகம் அம்மா கையில், பக்கம் புரட்டும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, மனசுக்குள் ஐந்து.

அப்பா திரும்பி வந்த நாளில் அணிவகுப்பு மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஓட, இவன் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அப்படி நடக்கும் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தேன். எட்டித் தூக்காதீங்க, தரையில உட்காருங்க, அவனே வரட்டும். இரண்டு வயசுக் குழந்தைக்கு ஒன்பது மாதம் என்பது ஆயுளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இனி வருவது எல்லாம் காகிதம். ஆனால் இந்தக் காகிதத்தில்தான் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன.

ஈஎஃப்எம்பி என்று ஒரு பதிவு இருக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்குச் சிறப்புத் தேவை இருந்தால் படைவீரர் அதில் பதிய வேண்டும். பார்ட் சி சேவை பெறும் குழந்தையும் இதில் சேரும். மாற்றல் போடுவதற்கு முன் போகும் இடத்தில் தேவையான சேவை இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பதிவு. இது கட்டாயம், பதவி உயர்வைப் பாதிக்கக்கூடாது என்பதும் விதி. இருந்தாலும் “பதிஞ்சா கேரியர் போச்சு” என்ற பேச்சு ஒவ்வொரு யூனிட்டிலும் சுற்றுகிறது. பயத்தைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. வெளிநாட்டுப் போஸ்டிங் கிடைக்காமல் போன கதை எல்லோருக்கும் ஒன்று தெரியும். ஆனால் பதியாமல் போய், சேவையே இல்லாத மூலையில் குழந்தையோடு மாட்டிக்கொண்ட கதைகளையும் நான் கேட்டிருக்கிறேன், அதனால் பதியச் சொல்லித்தான் வற்புறுத்துவேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் மாநில எல்லை. பார்ட் சி மத்திய அரசுச் சட்டம், ஆனால் எவ்வளவு பின்தங்கினால் சேவை என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. டெக்சஸில் 25 சதவீதம்: 24 மாதக் குழந்தை 18 மாதக் குழந்தையின் திறனில் இருந்தால் போதும். வாய்ப்பேச்சு மட்டும் பின்தங்கியிருந்தால் 33 சதவீதம், அதாவது 16 மாதத் திறன். அரிசோனாவில் 50 சதவீதம். அதே 24 மாதக் குழந்தை 12 மாதக் குழந்தையைப் போல இருந்தால்தான் உள்ளே. டவுன் சிண்ட்ரோம் போல மருத்துவக் காரணம் உறுதியான குழந்தைகள் அதனாலேயே தகுதி பெறுவார்கள். பேச்சு மட்டும் தாமதமான பிள்ளைகள்தான் எல்லையில் உதிர்கிறார்கள்.

மூன்று வயதைத் தாண்டிய குழந்தை மாநிலம் விட்டு மாநிலம் போனால், புதுப் பள்ளி தன் சோதனையை முடிக்கும்வரை பழைய திட்டத்துக்கு ஈடான சேவையைக் கொடுத்தாக வேண்டும். மூன்றுக்குக் கீழே அந்தப் பாதுகாப்பு கிடையாது. புதிதாகப் பெயர் கொடு, புதிதாகச் சோதனை, பெயர் கொடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் முதல் கூட்டம். பெரியவர்களுக்கு 45 நாள் ஒன்றும் பெரிதில்லை. முப்பது மாதக் குழந்தைக்குப் பார்ட் சியில் மிச்சம் இருப்பதே ஆறு மாதம்தான்.

நம் பையனின் குடும்பத்துக்கு வந்த மாற்றல் ஆர்டர் அரிசோனாவுக்குத்தான், ஃபோர்ட் வாச்சுகா தளம். அப்போது அவனிடம் முப்பது முப்பத்தைந்து வார்த்தைகள், இரண்டு சொல் சேர்ப்பது தொடங்கியிருந்தது. நல்ல முன்னேற்றம், அதுவே அங்கே பாதகம்.

ஆர்டர் வந்த பிறகு நான் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. ஃபோல்டர் தயார் செய்கிறோம். ஐஎஃப்எஸ்பி என்ற குடும்பத் திட்டத்தின் நகல், சோதனை மதிப்பெண்கள் முழுதாக, கடைசிக் குறிப்புகள், காது சோதனை முடிவு. கூடவே அம்மாவே தன் வார்த்தையில் எழுதிய ஒரு பக்கம்: அவன் எப்படிக் கேட்பான், எதற்கு அழுவான், எது பலிக்கும், எது பலிக்காது. அரை நிமிட வீடியோக்கள் சில. சாமான் கட்ட ராணுவச் செலவில் வரும் பேக்கர்கள் குப்பைத்தொட்டியைக்கூடக் குப்பையோடு பெட்டியில் போட்டுக் கட்டிவிடுவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் குளியலறைக் கதவில் ‘கட்டாதே’ என்று ஒட்டி, காரில் போகவேண்டியதை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். ஃபோல்டரும் அங்கேதான் இருக்க வேண்டும். அவனுடைய கப்பும் அதோடு. லாரியில் போன சாமான் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம், காலைச் சாப்பாடு மறுநாளே வந்துவிடும்.

அவர்கள் போய்ச் சில வாரம் கழித்து அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அங்கே சோதித்துவிட்டார்களாம், தகுதி இல்லையாம். “மிஸ் கௌரி, வீடியோ கால்ல நீங்களே தொடர முடியுமா?” என்று கேட்டிருந்தார். முடியாது. குழந்தை உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில் தெரபி செய்ய எனக்கு உரிமம் இருக்க வேண்டும், இல்லை. இப்படி மறுத்து எழுதுவதுதான் இந்த வேலையில் எனக்கு ஆகாதது. வழி இரண்டு எழுதினேன். ஒன்று, குழந்தை மருத்துவரிடம் பரிந்துரை வாங்கி டிரைகேர் என்ற ராணுவக் காப்பீட்டில் கிளினிக் தெரபி. காத்திருப்புப் பட்டியல் இருந்தாலும் பெயரைப் போட்டு வைப்பது. இரண்டு, மூன்று வயது நெருங்குவதால் பள்ளி மாவட்டத்திடம் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பிடம்) நேரடியாகச் சோதனை கேட்பது. பாலர் வகுப்புக்கான தகுதி விதி வேறு, பார்ட் சியில் இல்லை என்றவர்கள் அங்கே உள்ளே வரலாம். எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள்.

இரண்டையும் செய்திருக்கிறார். சோதனைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். டெக்சஸ் காகிதமெல்லாம் இனி செல்லுமா என்று போன வாரம் கேட்டிருந்தார். அவர்கள் தங்கள் சோதனையைத்தான் நம்புவார்கள், ஆனால் பெற்றோர் தரும் தகவலையும் பார்த்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஃபோல்டரை எடுத்துப் போய் மேசை மேல் வையுங்கள், வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள், நகலை மட்டும் கொடுங்கள் என்று பதில் போட்டேன். மூலம் அவரிடமே இருக்கட்டும், அடுத்த மாற்றலுக்கும் வேண்டும்.