கேரளாந்தகன் வாசலிலிருந்து சரசுவதி மகால் வரை

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் விமானத்தை அண்ணாந்து பார்த்தபடியே இரண்டு கோபுரங்களையும் தாண்டிவிடுகிறார்கள். முதல் சோழ வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். அதன் பெயர் கேரளாந்தகன் திருவாசல். சேரனை வென்ற ராஜராஜன் சூடிய விருதுப்பெயர் அது. பெருவுடையாரைத் தரிசிக்கப் போகும் வழியிலேயே ஒரு போர்வெற்றியின் பெயரைக் கடந்துதான் போகிறோம். ஓர் அரசனுக்குப் பெருமை எதில் இருந்தது, பின்னால் அது எங்கே நகர்ந்தது என்பதை இந்த வளாகத்துக் கல்லிலேயே படிக்கலாம்.

நடை காலை 6 மணிக்குத் திறக்கும். அப்போதே போய்விடுவது நல்லது. கோடையில் 10 மணிக்கெல்லாம் தளம் உள்ளங்காலைச் சுட ஆரம்பித்துவிடும். பகல் 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பிரதோஷத்தன்று நந்தி அபிஷேகம் காணக் கண் கோடி வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் கல்வெட்டு படிக்க முடியாது. அதற்கு வேறொரு நாள் வையுங்கள்.

முதலில் பெருவுடையார் தரிசனம். முடித்துவிட்டு விமானத்தின் அடித்தளத்தை ஒட்டியே வலம் வாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளங்கள் தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்தான் தெரியும். "நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும் மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது இங்கேதான் இருக்கிறது. கொடுத்த பொருள் எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. சேரனையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து வெள்ளிப் பாத்திரங்கள் வந்தன. சாளுக்கிய சத்தியாசிரயனை வென்று திரும்பியதும் இறைவன் திருவடியில் பொற்பூ இட்டுத் தொழுதார். விமானத்தின் மேல்நிலை மாடங்களில் திரிபுரம் எரித்த வில்லேந்திய சிவன் திரும்பத் திரும்ப வருவதையும் பாருங்கள். வெற்றி தந்தவனிடமே வெற்றிப் பொருளைச் சேர்த்துவிடுவது அந்தக் காலத்து அரச பக்தி.

அந்தச் செல்வம் எங்கே போயிற்று என்பதுதான் இன்னும் அழகு. அதைச் சொல்லும் கல்வெட்டைத் திருச்சுற்றுக்குள் தேடினால் கிடைக்காது. வடக்கு மதிலின் வெளிப்புறத்தில் இருக்கிறது. வெளியூர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய, கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் அது. தெரு, சிறகு (தெருவின் பக்கம்), வீட்டு வரிசை, முன்பிருந்த கோயில், பெயர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்பு. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். திருப்பதியம் பாட 48 பேர், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். படையெடுப்பில் வந்த பொன்னும் ஆடலும் பாடலும் அன்று ஒரே அரசனின் கணக்கில்தான் இருந்தன.

நாயக்கர் காலத்தில் போரும் கலையும் விலகத் தொடங்கின. ரகுநாத நாயக்கர் தோப்பூர்ப் போரில் வென்றவர். அதே கையால் வீணை வாசித்தார், தெலுங்கில் காவியம் எழுதினார். மகன் விஜயராகவர் காலத்தில் அரண்மனையே நாடக அரங்கமாயிற்று. 1673-ல் மதுரைப் படை வந்தபோது முதிய வயதில் வாளேந்திப் போய்க் களத்தில் மாண்டார். பெரிய நந்தியும், நகாசு வேலை போல் கல் இழைத்த முருகன் சந்நிதியும் நாயக்கர் காலத்தவை. அந்தச் சந்நிதித் தூண்களுக்கு நிதானமாக நேரம் கொடுங்கள்.

பிறகு தென்மேற்குத் திருச்சுற்றுக்குப் போங்கள். அங்கே மதிலில் மராத்தி எழுத்து சுவர் நீளத்துக்கு ஓடுகிறது. தஞ்சை மராத்திய மன்னர் சரபோஜி 1803-ல் வெட்டுவித்த போன்ஸ்லே வம்ச வரலாறு இது. சத்ரபதி சிவாஜியின் தம்பி ஏகோஜி வாளால் பிடித்த நாடு தஞ்சை. 1799 உடன்படிக்கையில் அதன் நிர்வாகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. சரபோஜிக்கு மிஞ்சியவை தஞ்சைக் கோட்டை, உதவித் தொகை, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. நான்கு ஆண்டு கழித்து, போர்க்குலத்தின் கதையை ராஜராஜன் கோயில் மதிலில் எழுதிவைத்தார். பக்கத்திலுள்ள பிள்ளையார் சந்நிதியையும் திருப்பணி செய்தார். வாளை அவர் விரும்பிக் கீழே வைக்கவில்லை. வைத்த பிறகு கையில் எதை எடுத்தார் என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது என்று நினைக்கிறோம்.

இந்தக் கோயிலில் ஆடல் பயிற்றிய நட்டுவனார் குடும்பத்துச் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் சரபோஜி, அவர் மகன் சிவாஜி ஆகியோரின் அவையில் இருந்தவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று பரதநாட்டியம் மேடையேறும் வரிசை அவர்கள் ஒழுங்குபடுத்தியது. சரபோஜி மீது கோட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் ஆடிவந்தார்கள். போர்வெற்றியைப் பரணியாகப் பாடிய மண்ணில், பாட்டுடைத் தலைவன் மேல் காதல் கொண்ட தலைவிக்கு இப்போது குறத்தி குறி சொல்கிறாள்.

பயணத்தை இங்கே முடித்துக்கொள்ளாமல் அரண்மனைக்கும் போய்வாருங்கள். ஆட்டோவில் சில நிமிடம்தான். 1820-ல் புறப்பட்ட காசி யாத்திரையில் சரபோஜி நீராடியதோடு நிற்கவில்லை. சுவடிகளும் சேர்த்துக்கொண்டு வந்தார். அரண்மனை வளாகத்திலுள்ள சரசுவதி மகால் நூலகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை, பகலில் சிறிது நேரம் இடைவேளையும் உண்டு. அதனால் காலை தரிசனம் முடித்து 10 மணிக்குப் போனால் சரியாக இருக்கும். சுவடிக் கட்டுகளை வாசகர் அனுமதி இல்லாமல் தொட முடியாது. காட்சிக்கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கும். சரபோஜியின் மருத்துவமனையான தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைக் கண்ணின் படம் வரைந்து பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அது காட்சியில் இருக்கிறதா என்று ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள்.