பீர் ஊற்றி அணைத்த நெருப்பு

1613 ஜூன் 29, லண்டன், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குளோப் அரங்கு. ஷேக்ஸ்பியர் குழுவின் எட்டாம் ஹென்றி நாடகம். ராஜா மேடைக்கு வரும்போது கெத்தாக இருக்கட்டும் என்று பீரங்கி வெடித்திருக்கிறார்கள், பொறி பறந்து கூரை வைக்கோலில் விழ, நாடகத்தில் மூழ்கியிருந்த ஜனம் சும்மா புகைதானே என்று விட்டுவிட, ஒரு மணி நேரத்துக்குள் மொத்த அரங்கும் தரைமட்டம்!

நல்லவேளை, யாரும் சாகவில்லை. ஒரு ஆளின் கால்சட்டையில் மட்டும் தீப்பிடிக்க, பாட்டில் பீரை ஊற்றி அணைத்தாராம். ஹென்றி வாட்டன் என்பவர் அப்போதே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கென்னவோ ராஜாவைவிட இந்த ஆளைத்தான் பிடித்திருக்கிறது. அப்புறம் 1614-லேயே திரும்பக் கட்டிவிட்டார்கள், இந்த முறை ஓட்டுக்கூரை.