எஸ்டபிள்யூஆர் 1.0 காட்டியது, தேர்வில் நான் ஃபெயில்: ஜெனரல் கிரேடு எழுதுபவர்களுக்குச் சில வார்த்தைகள்

போன வாரம் ரிசல்ட் வந்தது. ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) நடத்துவதற்கான ஏஎஸ்ஓசி தேர்வில் ஜெனரல் கிரேடு பாஸ். இரண்டாவது முயற்சி. வீட்டில் சொன்னபோது "இதுக்கா ராத்திரி எல்லாம் டீ டீ டானு கத்திக்கிட்டு இருந்தீங்க" என்றார்கள். ஆமாம், இதற்குத்தான்.

நான் கோவில்பட்டி பக்கம் 18 வருடமாக வீட்டு வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன். ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ் முன்பே இருந்தது. அழைப்புக்குறியில் வி.யு.3-யை (ரெஸ்ட்ரிக்டட்) வி.யு.2 (ஜெனரல்) ஆக்கிவிடலாம், மோர்ஸ் தந்திக்குறி மட்டும் கற்றுக்கொண்டால் போதும், தியரி நமக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைத்துத்தான் முதல் தடவை போனேன். மோர்ஸில் பெரிய சேதாரம் இல்லை. தியரியில் விழுந்தேன். அதிலும் எங்கே? எர்த்திங்கில்! எலக்ட்ரீஷியன் எர்த்திங்கில் ஃபெயில் என்று கடைத்தெருவில் சொல்ல முடியுமா? ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வு எப்படி இருக்கும், எங்கே விண்ணப்பிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைவிட்டு, என்னைக் கவிழ்த்த ஒரே விஷயத்தைச் சொல்கிறேன்.

போன வருடம் பங்குனியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) ஒரு வெர்டிகல், அதாவது செங்குத்து ஆன்டெனா, நட்டேன். அதற்கு வழக்கமான உயரம் அலை நீளத்தில் கால் பங்கு. இந்தக் கால் அலைக்கு 71.3-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7.1-க்குப் பத்து மீட்டர் வரும். அவ்வளவு உயரம் தூக்க எனக்கு ஆளும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதமும் இல்லை. அதனால் 5 மீட்டர் ஃபைபர் தூண்டில் கம்பு, அதில் ஒட்டினாற்போல் ஒயர், அடியில், குறைந்த உயரத்தை ஈடுகட்ட லோடிங் காயில் (கம்பிச் சுருள்). எர்த்துக்கு நான் நம்பும் முறை: எட்டடி ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே சிமென்ட் மூடி போட்ட குழி. எர்த் டெஸ்டர் 2 ஓம் காட்டியது. ஆஸ்பத்திரி கட்டடத்துக்குக்கூட நான் இதைவிட நல்ல எர்த் கொடுத்ததில்லை.

நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா சோதிக்கும் மீட்டரை மாட்டினேன். 48 ஓம். எஸ்டபிள்யூஆர் 1.0. எஸ்டபிள்யூஆர் என்பது ஆன்டெனா 50 ஓமுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1.0 என்றால் கச்சிதம். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் என் 50 வாட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பதில் வந்தால் அபூர்வம். வந்தாலும் "யுவர் சிக்னல் வெரி வீக் ஓஎம்" (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரை ஒருவர் அழைப்பது). பேண்டு கண்டிஷன் சரியில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐப்பசியில் நல்ல மழை. மறுநாள் பார்த்தால் எஸ்டபிள்யூஆர் 1.4! கனெக்டருக்குள் தண்ணீர் போய்விட்டது என்று மூன்று தடவை பிரித்துத் துடைத்துச் சுய ஒட்டு டேப் சுற்றினேன். மண் நனைந்ததில் ஆன்டெனா உண்மையில் கொஞ்சம் தேறியிருந்தது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இந்த மண்டையோடுதான் தேர்வுக்குப் போனேன். குட்டையான வெர்டிகலின் திறனைக் கூட்ட என்ன செய்யலாம் என்கிற ரீதியில் ஒரு கேள்வி. விடைகளில் ஒன்று ஆழமான எர்த் ராடு, இன்னொன்று ரேடியல்களை, அதாவது அடியிலிருந்து சுற்றிலும் விரிக்கும் கம்பிகளை, கூட்டுவது. நான் யோசிக்கவே இல்லை. ராடு! 18 வருட அனுபவம் கையைப் பிடித்து எழுதவைத்தது. எஸ்டபிள்யூஆர் பற்றி வந்ததையும் அதே கெத்தோடு தப்பாக எழுதினேன். வெளியே வந்து எண்ணிப்பார்த்தால் அந்த ஒரு பகுதியிலேயே நாலு கேள்வி போயிருந்தது.

ரிசல்ட்டுக்குப் பிறகு, எனக்கு ரேடியோ சொல்லிக்கொடுத்த மூத்த ஹாம் அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கு வந்தார். போட்டோவைக் காட்டினேன், 1.0 அண்ணாச்சி என்று. அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, டம்மி லோடுக்கும் எஸ்டபிள்யூஆர் ஒண்ணுதான். அதை வச்சு யார்கூடப் பேசுவ?" டம்மி லோடு என்பது சோதனைக்கு மாட்டும் வெறும் தடை. சூடாகும், அலை அனுப்பாது.

பிறகு என் டைரியில் கணக்குப் போட்டுக் காட்டினார். 40 மீட்டரில் 5 மீட்டர் உயரம் என்பது அலை நீளத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு. அதன் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் சக்தியின் பங்கு, வெறும் 7 ஓம் சுமார். காயில் இழப்பு ஒரு 3 ஓம். மீட்டர் காட்டுவது 48. மிச்சம் 38 ஓம் எங்கே? மண்ணில். 48-ல் 7 பங்குதான் வானத்துக்குப் போகிறது. 50 வாட் போட்டால் 7 வாட். மீதியில் கோவில்பட்டி மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே உள்ள சித்திரை வெயில் போதாதென்று.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், மனப்பாடம் வேண்டாம். கரண்ட் வேலையில் எர்த்தின் கடமை, ஃபால்ட் வந்தால் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கி ஃபியூஸைப் போகவைப்பது. 50 ஹெர்ட்ஸ் மண்ணில் ஆழமாகப் பாயும். 7 மெகாஹெர்ட்ஸ் அப்படி இறங்காது, மேல்மண்ணோடு நின்றுவிடும். வெர்டிகல் என்பது பாதி ஆன்டெனாதான். மறுபாதி வேலையை அடியில் இருக்கும் தரை செய்கிறது. சுற்றிலும் இருந்து கரண்ட் அடிவாரத்துக்குத் திரும்பி வர வேண்டும். ராடு மட்டும் இருந்தால் அது மண் வழியாகவே வந்து சேர வேண்டும். மழை நாளில் கரிசல் சேற்றில் நடந்தவர்களுக்குத் தெரியும், பத்தடி போவதற்குள் செருப்போடு கால் எவ்வளவு கனக்கும் என்று. ரேடியல் கம்பி போடுவது அந்தச் சேற்றில் பலகை போடுவது மாதிரி. பலகை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதில் பலன் இல்லை, எத்தனை திசையில் இருக்கிறது என்பதில்தான் பலன்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூவர் 1937-லேயே அமெரிக்காவில் ஆர்சிஏ என்ற வானொலி நிறுவனத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ரேடியல் வரை போட்டு அளந்து பார்த்துவிட்டார்கள். மீடியம் வேவ் ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு 120 ரேடியல் என்ற வழக்கத்துக்கு அடிப்படை அந்த வேலைதான். நமக்கு 120 வேண்டாம். 16-லேயே பெரும்பகுதி லாபம் வந்துவிடும்.

சரி, கம்பி கணக்கு. வீட்டு ஒயர் ஒரு சுருள் 90 மீட்டர். 5 மீட்டர் வீதம் 16 துண்டு வெட்டினால் 80 மீட்டர், மீதி பத்து மீட்டர் காயிலுக்கும் கம்பத்துக்கும் தாராளம். கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது. சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக்கிடக்கும் இல்லையா, அந்த வெடிப்புக்குள்ளேயே கம்பியை இறக்கிவிட்டேன். வெடிப்பு இல்லாத இடத்தில் கட்டுக்கம்பியைக் கொண்டை ஊசி மாதிரி வளைத்துக் குத்தினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய்க்கு நாலு நாலு ரேடியல் பிடித்துக்கொடுத்தார்கள். இன்சுலேஷனை உரிக்கத் தேவையில்லை. அடிவாரத்தில் மட்டும் உரித்து, ஒரு தாமிரத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, ஆன்டெனாவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளின் உலோக மேலுறையை அதில் சேர்த்தேன்.

மீட்டரை மாட்டினால் 18 ஓம். எஸ்டபிள்யூஆர் 2.8.

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். எட்டு ரேடியல் போட்டபோதே எஸ்டபிள்யூஆர் ஏறுவதைப் பார்த்து எனக்கே பிடுங்கி எறியலாம் என்று கை துறுதுறுத்தது. கணக்கைப் பாருங்கள்: 18-ல் 7 பங்கு வானத்துக்கு. 50 வாட்டில் 19 வாட் போகிறது, முன்பு 7. எஸ்டபிள்யூஆர் கெட்டது, ஆன்டெனா நாலு டெசிபலுக்கு மேல் தேறியது. பிறகு அடியில் குறுக்காக ஒரு சின்ன காயில் வைத்து 50-க்குப் பொருத்திக்கொண்டேன். அன்று இரவே தூரத்து ஸ்டேஷன் ஒன்று முதல் அழைப்பிலேயே திரும்பியது. அந்த க்யூஎஸ்ஓ-வை (ரேடியோ உரையாடலை) விட, தேர்வில் விட்ட நாலு மார்க் இனி வராமல் போகாது என்று தெரிந்ததே எனக்குப் பெரிது.

படிப்பவர்களுக்கு, வரிசை இல்லாமல்:

- எர்த் என்று கேள்வியில் பார்த்தாலே நிறுத்துங்கள். எந்த எர்த்? ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த், இடிக்கு எர்த், ரேடியோ அலைக்கு எர்த். மூன்றும் வேறு வேறு வேலை. என் நோட்டில் சிவப்பு மையில் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.
- வேலை வேறு என்பதற்காக மூன்றையும் தனித்தனியாக விட்டுவிடக் கூடாது. தடித்த கம்பியால் ஒன்றாகப் பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே ஏறும் மின்னழுத்தம் உங்கள் ரிக் (ரேடியோ செட்) வழியாகப் போகும். இதை எலக்ட்ரீஷியனாகச் சொல்கிறேன், இங்கே நான் ஃபெயில் இல்லை.
- தரையில் கிடக்கும் ரேடியலுக்கு நீளம் அச்சாக வேண்டாம். நீளமாகச் சிலவற்றைவிடக் குட்டையாகப் பல மேல்.
- தூக்கிக் கட்டிய ரேடியலுக்கு நேர்மாறு. நாலு போதும், ஆனால் கால் அலை நீளம் சரியாக வேண்டும். கிடைமட்டமாக இருந்தால் தடை 50-க்கு வெகு கீழே. 45 டிகிரி சாய்த்தால் 50-ஐ நெருங்கும். மொட்டைமாடிக்காரர்களுக்கு இதுதான் வழி. 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர், சாக்கெட்டில் ஐந்து கம்பி, ஒரு மணி நேர வேலை. தேர்வுக்கு முன் கட்டாயம் ஒன்று செய்யுங்கள்.
- நல்ல தரைமேல் முழுக் கால் அலையின் தடை 36 ஓம் சுமார். எஸ்டபிள்யூஆர் 1.4. அதுதான் ஆரோக்கியம். ரேடியல் போடாத கால் அலையில் 1.0 வந்தால் சந்தேகப்படுங்கள்.
- மார்கோனி ஆன்டெனா என்றால் தரையோடு சேர்ந்த கால் அலை. ஹெர்ட்ஸ் என்றால் அரை அலை, தரை வேண்டாம். பெயரை மாற்றிக் குழப்புவார்கள்.
- ரேடியல் இல்லாவிட்டால் கோஆக்ஸின் மேலுறையே ரேடியல் வேலையை எடுத்துக்கொள்ளும். மைக்கைத் தொட்டால் சுருக்கென்று கடிப்பது அதனால்தான். அடிவாரத்தில் கோஆக்ஸைப் பத்துச் சுற்றுச் சுற்றி சோக் (அந்தக் கரண்டைத் தடுக்கும் சுருள்) போடுங்கள்.

வெர்டிகல் எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்லமாட்டேன். பகலில் 40 மீட்டரில் பக்கத்து மாவட்டத்துக்காரரோடு பேசத் தாழ்வாகக் கட்டிய டைபோல் (அரை அலைக் கம்பி ஆன்டெனா)தான் நல்லது. வெர்டிகல் தலைக்கு நேர் மேலே ஒன்றும் அனுப்பாது, எல்லாம் தாழ்ந்த கோணத்தில் தூரத்துக்குப் போகும். தெருவில் உள்ள எல்இடி விளக்குகளின் இரைச்சலையும் அது ஆசையாகப் பிடிக்கும். டைபோல் கட்டிப் படித்தவர்கள் இந்தத் தவறைச் செய்யவே வாய்ப்பில்லை. ஆனால் எனக்குப் புத்தகம் வைத்துப் படிக்கும் பழக்கம் கிடையாது, கையில் ஒன்றைக் கெடுத்தால்தான் ஏறும். உங்களுக்குப் புத்தகமே ஏறும் என்றால் இந்த 90 மீட்டர் ஒயர் மிச்சம்.

மோர்ஸ் பற்றிக் கேட்பீர்கள். நிமிடத்துக்கு 8 சொல் என்பது பயப்படும் வேகம் இல்லை. புள்ளியையும் கோட்டையும் எண்ணாதீர்கள், எண்ணினால் செத்தீர்கள். எழுத்தை வேகமாக ஒலிக்கவிட்டு, எழுத்துக்கு நடுவே இடைவெளியை நீட்டிக் கேளுங்கள். நான் பைக்கில் சைட்டுக்குப் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாயால் மோர்ஸில் படித்தேன். ஒரு எழுத்து தவறினால் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். முதல் தடவை நான் விட்ட ஒன்றையே நினைத்து, மேலும் மூன்று எழுத்தைக் கோட்டைவிட்டேன். அவ்வளவுதான், இதில் எனக்குச் சொல்ல வேறு இல்லை.

ரெகுலேஷன் பகுதிக்குக் கடைசி ஒரு வாரம் போதும், அதற்கு முன் படித்தால் மறந்துவிடும். குறைந்தபட்சம் எனக்கு.

காயில் அளவு கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: வெளிவிட்டம் 63 மில்லிமீட்டர் உள்ள பிவிசி பைப், அதில் வீட்டு ஒயர் நெருக்கமாக 15 சுற்று, 12 மைக்ரோஹென்றி சுமார். 17 சுற்றுச் சுற்றிவிட்டு மேல் நாலு சுற்றில் அங்கங்கே இன்சுலேஷனைச் சுரண்டி, முதலைக் கிளிப் போட்டு நகர்த்திப் பாருங்கள். இடம் கிடைத்ததும் சால்டர் வையுங்கள். கிளிப்பையே விட்டுவைத்தால் முதல் மழையில் துருப்பிடித்து, நான் அந்தக் கனெக்டரைப் பிரித்ததுபோல் நீங்களும் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.