ரத்தம் கம்மி என்று சொன்னது

ரத்தம் கம்மி என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. அவளுக்கு ஹீமோகுளோபின் 9.5தான் இருந்தது. ஆனால் தீட்டு நின்றதற்குக் காரணம் அது இல்லை, நான் போட்ட அந்தரா என்ற கருத்தடை ஊசி. அது எனக்கும் அவளுக்கும் தெரியும். கர்ப்பமா என்று பார்க்கும் கார்டைப் பார்த்துவிட்டு எதிரே நின்று, "கார்டுல ஒண்ணும் காட்டலையே, அப்புறம் ஏன் சிஸ்டர் வரல?" என்று கேட்ட அவள் மாமியாருக்குத் தெரியாது.

குறிஞ்சிப்பாடி பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பது புதிதில்லை. இவள் கணவனும் குவைத். அவன் லீவுக்கு வரும் முன்னாலேயே என்னிடம் வந்து ஊசி கேட்டாள். முதல் குழந்தை சிசேரியன், இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. காப்பர்-டி என்றால் பயம், மாத்திரை அட்டையை அந்த வீட்டில் ஒளித்துவைக்க இடமில்லை. ஊசி என்றால் மூன்று மாதத்துக்குக் கவலையில்லை, கையில் ஒரு தடயமும் இருக்காது. சிலருக்கு விட்டுவிட்டுப் படும், சிலருக்கு நின்றே போகும் என்று சொல்லித்தான் போட்டேன். நின்றால் நிம்மதி என்றாள்.

ஆனால் அந்த வீட்டில் அந்த மூன்று நாள் அடுப்படிக்கும் சாமி ரூமுக்கும் போகக்கூடாது, அதனால் அவள் தேதி அவளைவிட மாமியாருக்குத்தான் சரியாகத் தெரியும். மகன் வந்து போன பிறகு நாள் தள்ளினால் அந்த அம்மா என்ன நினைப்பார்? சந்தோஷமாகத்தான் என்னைக் கூப்பிட்டார்.

ஊசி என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். "புருஷன் ஊர்லயே இல்ல, இவளுக்கு எதுக்கு அது?" அந்த ஒரு கேள்வி தெருவுக்குள் போனால் திரும்பி வராது. தவிர, கருத்தடைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் போதும், கணவன் கையெழுத்துகூட வேண்டாம் என்பதுதான் விதி. மாமியாருக்கு அதில் இடமே கிடையாது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

யார் கருத்தடை பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்க வருபவர்கள் படிப்பு, வயது, வருமானம், எத்தனை பிள்ளை என்று கேட்பார்கள். இவள் டிகிரி படித்தவள், எல்லா முறையும் தெரிந்தவள், இருந்தும் மறைக்கத்தான் வேண்டியிருக்கிறது. நம் மாநிலத்தில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது, ஆண்கள் பேருக்குக்கூட இல்லை. ஆபரேஷனை யாரும் மறைப்பதில்லை. இரண்டு பெற்றுவிட்டால் மாமியாரே பழம், ஹார்லிக்ஸோடு கூட வருவார். சண்டையெல்லாம் முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் நடுவில்தான்.

சரி, ரகசியம் காப்பாற்றப்பட்டது. நடந்தது என்ன? மாமியார் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று ஆரம்பித்து, "உடம்புல வலுவில்லாத பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டாங்க" என்று சம்பந்தியம்மாவிடமே சொல்லிவிட்டார். புதுச்சேரியில் ஏதோ கருத்தரிப்பு மையத்துக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். உண்மையில் ரத்தப்போக்கைக் குறைப்பதால் அந்த ஊசி ரத்தசோகைக்கு நல்லதுதான், அதை யாரிடம் போய்ச் சொல்ல?

அடுத்த ஊசிக்கு அவளே வந்தாள். நாத்தனார் கல்யாணத்துக்குக் கணவன் மறுபடி வருகிறானாம். புருஷனிடமாவது சொல்லிவிடும்மா என்றேன்.

"அவருக்குத் தெரியும் சிஸ்டர். போட்டுக்கச் சொன்னதே அவருதான். அவங்கம்மாகிட்ட மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. நீங்க சொல்லிடுங்களேன், டாக்டரம்மா சொன்னாங்கன்னு."

சொல்லலாம். சிசேரியனுக்குப் பிறகு இடைவெளி வேண்டும், தையல் தாங்காது என்றால் அந்த அம்மா கேட்கக்கூடியவர்தான், கெட்டவர் இல்லை. ஆனால் இப்போது சொன்னால் முன்பு சொன்னது வெளியே வரும், நர்ஸம்மா மருமகள்களோடு சேர்ந்து மறைக்கிறாள் என்று பேச்சாகும், தெருவில் எனக்குக் கதவு திறக்கிற மற்ற மாமியார்களும் மூடிவிடுவார்கள். நான் சொல்லாமல் இருப்பது என்னை நம்பி இருக்கிற மற்ற பெண்களுக்காகவா, எனக்காகவா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன், எது எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

போன வாரம் ரேஷன் கடையில் மாமியார் பிடித்துக்கொண்டார். ரத்தம் எப்போ சிஸ்டர் ஏறும் என்றார்.

"இன்னும் ஒரு மூணு மாசம் போகட்டும்மா" என்றேன்.