குரங்கு பார்க்கும் வேலை

"குரங்கைப் பார்ப்பதற்கா சம்பளம் தருகிறார்கள்?" நேற்றும் ஒருவர் கேட்டார். ஆமாம், காட்டில் குரங்குகளை ஆராய்வதுதான் என் வேலை என்றேன். ஆனால் முதல் சில மாதங்கள் அவைதான் நம்மைப் பார்க்கும். பார்த்ததும் ஓடிவிடும்.

சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960-ல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போனபோதும் இதே கதைதான். அவரைக் கண்டாலே சிம்பன்சிகள் மறைந்துவிடும். முதலில் பயம் விட்டது ஒரு நரைதாடிக்கார ஆண் சிம்பன்சி. புல்தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு, ஒட்டிக்கொண்ட கரையானை அது வாயால் வழித்துத் தின்றதை அதே ஆண்டில் பார்த்தார். மனிதன் மட்டுமே கருவி செய்வான் என்ற நினைப்பு அதோடு போச்சு!

எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எது தின்கிறது, எது தூங்குகிறது, எது எதற்குப் பேன் பார்க்கிறது என்று குறித்துக்கொள்வேன். அப்புறம் எச்சம், அதாவது அவற்றின் மலம், பொறுக்குவது. சிரிக்காதீர்கள், விலங்கைத் தொடாமலே அதன் ஹார்மோன், ஒட்டுண்ணி, உணவு எல்லாம் அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

1986-ல் சிகாகோவில் நடந்த ஒரு மாநாட்டில் காடுகள் அழியும் வேகத்தைக் கேட்ட பிறகு, குடால் களஆய்வை விட்டுப் பாதுகாப்புப் பணியில் இறங்கினார். எனக்கும் இப்போது காட்டைவிடக் கூட்டங்கள்தான் அதிகம். குரங்குகளே பரவாயில்லை, குறுக்கே பேசாது.